பால் காய்ச்சுவது வீட்டில், பந்தி எங்கே?

தை மாதம் என் கொழுந்தனார் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. திருச்சியில் திருவெறும்பூர் பக்கம் அரை கிரவுண்டு மனை. கீழே ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, மேலே ஒரு அறையும் மொட்டை மாடியும். பூச்சு வேலை முடிந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். "அண்ணி, எல்லாத்தையும் வீட்டிலேயே வச்சுக்கலாமா? சாப்பாட்டை மட்டும் மண்டபத்துல போட்டுடலாமா? இல்ல, இப்போதைக்குப் பாலை மட்டும் காய்ச்சிட்டு, விருந்தைப் பிறகு பார்த்துக்கலாமா?"

எங்கள் குடும்பத்தில் இந்த மூன்றையும் மூன்று பேர் செய்து பார்த்துவிட்டோம். திருச்சி கருமண்டபம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஹோமம் முதல் பந்தி வரை எல்லாமே வீட்டில்தான் நடந்தது. சென்னை மேடவாக்கத்தில் என் தம்பி ஃபிளாட் வாங்கியபோது பூஜை வீட்டில், சாப்பாடு வெளியே ஒரு ஹாலில். கோவை துடியலூரில் நாத்தனார் பாலைக் காய்ச்சிக் குடியேறிவிட்டு, விருந்தை ஒரு மாதம் கழித்து வைத்தார். மூன்று இடத்திலும் முதல் நாள் இரவே போய், கடைசிப் பாத்திரம் கழுவும் வரை நின்றவள் நான். அதனால் அவர் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் நோட்டில் இரண்டு எண்களை எழுதச் சொன்னேன். விடியற்காலை 4:30 மணிக்கு வாசலில் நிற்கப்போவது எத்தனை பேர்? மதியம் 12 மணிக்குச் சாப்பிட வருவது எத்தனை பேர்? "மொத்தம் ஒரு 150 பேர் அண்ணி" என்றார். மொத்தக் கணக்கு இதற்கு உதவாது. பிரித்து எழுதியதும் காலைக்கு 35, மதியத்துக்கு 150 என்று வந்தது. காலையில் வருகிறவர்களுக்குக் காபி வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும், உட்காரப் பாய் வேண்டும். மதியம் வருகிறவர்களுக்கு நிழல், வண்டி நிறுத்த இடம், கை கழுவத் தண்ணீர், சீக்கிரம் கிடைக்கும் இலை. இவை இரண்டும் வேறு வேறு கூட்டம். இரண்டையும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடைக்கப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் அன்றைக்கு வீட்டுப் பெண்கள் ஹோமத்தையும் பார்ப்பதில்லை, வந்தவர்களோடு நாலு வார்த்தை பேசுவதும் இல்லை.

நாள் குறிக்கும்போதே பாதி முடிவாகிவிடும்

ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்களில் எங்கள் பக்கம் யாரும் புது வீடு புகுவதில்லை. சிலர் மாசியையும் சேர்த்துத் தள்ளிவைப்பார்கள். மிச்சம் இருப்பது சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை. இந்த ஆறையும் மொட்டை மாடிப் பந்தியை மனதில் வைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில். தகரப் பந்தலுக்குக் கீழே மதியம் 1 மணிக்கு உட்கார்ந்து ரசம் சாப்பிட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பந்தல் போட்டாலும் எந்த நேரத்தில் சாய்ந்தடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆவணியில் சாயங்காலம் இடி மழை உண்டு, மதியம் ஒருவாறு தப்பிக்கலாம். மாடியில் நிம்மதியாகப் பந்தி போட ஏற்றது தை ஒன்றுதான்.

தைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் தேடும் வளர்பிறை முகூர்த்த நாளைத்தான் கல்யாண வீட்டாரும் தேடுகிறார்கள். மண்டபம், ஹோமம் செய்துவைக்கும் வாத்தியார், நாதஸ்வரம், சமையல்காரர், பந்தல்காரர், பூக்காரர் என்று எல்லாருமே அந்த நாளில் ஏற்கெனவே கை நிறைய வேலையோடு இருப்பார்கள். புகுவிழாவுக்கு அரை நாள் மண்டபம் கேட்டால், கல்யாணம் வந்தால் அதற்குக் கொடுத்துவிடலாமே என்று மண்டபக்காரர் கடைசிவரை உறுதி சொல்லமாட்டார். முழு நாள் வாடகை கொடுத்தால்தான் எழுதிக்கொள்வார். ஆகவே மண்டபம் என்று முடிவு செய்பவர்கள் நாள் குறித்த அன்றே மண்டபத்தையும் குறித்துவிட வேண்டும். வீட்டிலேயே என்று முடிவு செய்பவர்கள் அதே வேகத்தில் சமையல்காரரைப் பிடிக்க வேண்டும். வாத்தியாரை இரண்டு பேருமே பிடிக்க வேண்டும்.

எல்லாம் வீட்டிலேயே

எங்கள் வீட்டுப் புகுவிழாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பசு. விடியற்காலை இருட்டில் கன்றோடு ஓட்டி வந்தார்கள். வாசல்படி ஏறி ஹாலுக்குள் முன்னங்காலை வைத்ததும் குளம்பு வழுக்கியது. வழவழப்பான புது டைல்ஸ், அதன் மேல் நாங்கள் தெளித்திருந்த மஞ்சள் தண்ணீர். பசு மிரண்டு பின்வாங்கியது, கன்று கத்தியது. மாட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துத் தரையில் போட்டார். அத்தை ஓடிப்போய் சிமென்ட் சாக்கு நாலைந்தை எடுத்து வந்து வாசலில் இருந்து வரிசையாக விரித்தார்கள். அதன் மேல் மெதுவாக நடந்து வந்து, அகத்திக்கீரையைத் தின்றுவிட்டு, அமைதியாகத் திரும்பிப் போனது. புது வீட்டுக்குள் பசுவை அழைத்து வருகிறவர்கள் தயவுசெய்து கோணிச்சாக்கை முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குக் கால் முறிந்தால் அந்தப் பாவத்தை எந்த ஹோமத்தில் கரைப்பது?

ஹோமத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து ஹோமம் என்று மூன்றும் சேரும்போது தீ இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். டைல்ஸ் மேல் நேராகச் செங்கல் அடுக்கினால் சூட்டில் விரிசல் விடும். ஒரு தகரத்தைப் போட்டு, அதன் மேல் நாலு விரற்கடை உயரம் மணலைப் பரப்பி, பிறகு செங்கல் அடுக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட ஹாலாக இருந்தால் குண்டத்தை அதற்கு நேர் கீழே வைக்காமல், ஜன்னல் பக்கமாகவோ வாசல் வராந்தாவிலோ வைக்க முடியுமா என்று வாத்தியாரைக் கேளுங்கள். பெரும்பாலும் இடம் மாற்றித் தருவார்கள்.

இதெல்லாம் மூன்று வழிக்கும் பொதுதான். வீட்டிலேயே எல்லாம் என்னும்போது சிக்கல் ஆரம்பிப்பது 11 மணிக்கு மேல். எங்கள் மாடியில் நெருக்கிப் போட்டால் ஒரு பந்திக்கு 30 பேர். 150 பேர் என்றால் ஐந்து பந்தி. சாப்பிட 25 நிமிடம், இலை எடுத்து மேசை துடைத்து மறுபடி இலை போட 15 நிமிடம். ஆக ஒரு பந்திக்கு 40 நிமிடம். 11:30 மணிக்கு ஆரம்பித்தால் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது மணி மூன்றை நெருங்கிவிடும். அதுவரை மிச்சப் பேர் எங்கே இருப்பார்கள்? புது ஹாலில், படுக்கையறையில், மாடிப்படியில். படியில் அன்றைக்கு எங்களுக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்தியிருக்கவில்லை. "புகுவிழா முடிஞ்சு நிதானமா போட்டுக்கலாம்" என்று விட்டுவிட்டோம். வயதான அத்தை ஒருவரைப் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து ஏற்றினோம். சாப்பிட்டு இறங்கும்போது அவர் சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். மாடியில் பந்தி போடுகிற வீட்டில் கைப்பிடியும் கைப்பிடிச் சுவரும் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் மாடி வேண்டாம். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வரமாட்டேன்.

தண்ணீர் அடுத்தது. கட்டட வேலையின்போது கொத்தனார்கள் சட்டியும் கரணையும் கழுவிய சிமென்ட் பால் வாஷ்பேசின் குழாய்க்குள் போய் இறுகிக் கிடக்கும். ஒருவர் கை கழுவும்போது தெரியாது. முப்பது பேர் வரிசையாகக் கழுவும்போது தண்ணீர் மேலே ஏறி, சாம்பார் கலரில் தரையில் வழியும். எங்களுக்கு இரண்டாவது பந்தியில் வழிந்தது. ஒரு வாரம் முன்பாகவே ஒவ்வொரு குழாயிலும் பத்து வாளித் தண்ணீர் தொடர்ந்து ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். மேல்தொட்டி 1,000 லிட்டர்தானே, போதும் என்று நினைத்திருந்தோம். 1 மணிக்கே காற்று வந்தது. பதினொரு மணிக்கு மோட்டார் போடுவது என்று ஒரு பையனுக்கு அந்த வேலையை மட்டும் ஒப்படைத்திருக்கலாம்.

சமையலை மாடியில் வைக்காதீர்கள். வெயில் சூட்டைத் தணிக்க ஒட்டியிருக்கும் வெள்ளை ஓட்டில் எண்ணெய் சிந்தினால் அந்தக் கறை போகாது. பக்கத்தில் காலி மனை இருந்தால் அதன் உரிமையாளரிடம் கேட்டு அங்கே அடுப்பு போடுங்கள். வீட்டுச் சிலிண்டரைச் சமையல்காரருக்குத் தூக்கிக் கொடுக்காமல் 19 கிலோ வணிக சிலிண்டரையே வாங்குங்கள். வீட்டுக்குக் கொடுப்பதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒரு பக்கம். பெரிய அடுப்புக்கு அது தாக்குப்பிடிக்காது என்பது இன்னொரு பக்கம்.

இத்தனை கஷ்டம் சொல்கிறேனே, பிறகு எதற்கு வீட்டில் வைக்க வேண்டும்? எங்கள் முதல் பந்திக்காகத்தான். கொத்தனார், சித்தாள், ஆசாரி, கம்பி கட்டியவர், டைல்ஸ் ஒட்டியவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாரையும் குடும்பத்தோடு வரச் சொல்லி, வேட்டி, துண்டு, புடவை வைத்துத் தாம்பூலம் கொடுத்து, அவர்களையே முதலில் உட்காரவைத்தோம். கொத்தனாரின் சின்னப் பெண், ஐந்தாறு வயது இருக்கும், புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஹால் சுவரில் உள்ளங்கையை வைத்து, "இது எங்கப்பா கட்டுனது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் கையை வைத்தது. மண்டபத்தில் சாப்பாடு என்றால் அவர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் கடைசி வரிசையில் கூச்சத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தங்கள் கையால் எழும்பிய சுவருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

சாப்பாடு மட்டும் மண்டபத்தில்

மேடவாக்கத்தில் தம்பியின் ஃபிளாட் மூன்றாவது மாடி. அங்கே வீட்டில் 150 பேர் என்பது பேச்சுக்கே இல்லை. லிஃப்டில் ஒரு முறைக்கு ஆறு பேர். வாசலில் காவலாளி ஒவ்வொரு வண்டிக்கும் போன் செய்து கேட்டுத்தான் விடுவார். பசுவைத் தரைத்தளத்தில் நிறுத்தியே பூஜை செய்தோம். நடைபாதையில் ஹோமம் கூடாது என்று சங்கத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள். ஹாலுக்குள் சிறிய குண்டத்தில் கணபதி ஹோமம் மட்டும். விடியற்காலை மங்கள இசையை ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்கும் வீடும் இருக்கிறது. வேண்டாம் என்று தடுத்தோம். குடிவரும் முதல் நாளே பக்கத்து வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போகக் கூடாது.

அன்றைக்கு எனக்குப் பிடித்தது ஒன்று நடந்தது. பால் பொங்கி, சர்க்கரை போட்டு எல்லாருக்கும் சின்ன டம்ளரில் கொடுத்து முடிந்த பிறகு அடுப்படியில் யாருக்கும் வேலை இல்லை. டிபனும் சாப்பாடும் வெளியே எடுத்த ஹாலில். என் அம்மா ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மகன் வாங்கிய வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் புகுவிழாவில் அவர்கள் காலை 3 மணியிலிருந்து மதியம் 3 மணி வரை நின்றுகொண்டே இருந்தார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகவே மண்டப வாடகை தகும் என்று அப்போது தோன்றியது.

பந்தியும் வேகம். ஒரே நேரத்தில் நூறு பேர் உட்காரலாம். இரண்டு பந்தியில் எல்லாம் முடிந்தது. கை கழுவும் இடம், கழிப்பறை, வண்டி நிறுத்தம் எதற்கும் நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஹால் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். வந்தவர்களில் பாதிக்கு மேல் நேராக ஹாலுக்கு வந்து, சாப்பிட்டு, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, அப்படியே ஊருக்கு வண்டி ஏறிவிட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த பெரியப்பா மறுநாள் போனில், "வீட்டுல எத்தனை ரூம்மா?" என்று என்னிடம் கேட்டார். எழுபது வயதைக் கடந்த மனிதர், ராத்திரி பஸ்ஸில் வந்தவர். வீட்டைப் பார்க்காமலே திரும்பிப் போயிருக்கிறார். தம்பிக்கு அது இன்னும் ஆறவில்லை. வீட்டைப் பார்க்கத்தானே கூப்பிட்டோம்?

செலவில் கண்ணில் படாத சில வரிகள் உண்டு. வாடகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மின்சாரம் மீட்டர் கணக்கு, ஜெனரேட்டர் தனி, துப்புரவு தனி. நம் சமையல்காரரை உள்ளே விடுவார்களா, அவர்கள் ஆளையே வைக்க வேண்டுமா என்பதும் மண்டபத்துக்கு மண்டபம் மாறும். முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைத் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். இந்த வழியை எடுப்பவர்களுக்கு என் நிபந்தனை ஒன்றே ஒன்று: மண்டபம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். நடக்கும் தூரத்தில் இல்லையென்றால் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, வீடு, மண்டபம், பஸ் ஸ்டாண்டு என்று சுற்றவிடுங்கள். அழைப்பிதழில் வீட்டு முகவரியை மட்டும் அச்சடியுங்கள். மண்டபம் எங்கே என்பதை வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம்.

பால் இன்று, விருந்து பிறகு

துடியலூரில் நாத்தனாருக்குக் கையில் காசு தீர்ந்திருந்த நேரம். கடைசிக் கட்டத்தில் கேட்டும் சுற்றுச்சுவரும் மீதப் பணத்தை விழுங்கிவிட்டன. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதியும் வந்துவிட்டது. இரண்டு பக்கத்துப் பெற்றோர், உடன்பிறந்தோர் என்று 20 பேர். நிறைகுடம், குத்துவிளக்கு, சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு ஆகியவற்றோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். வாத்தியார் கணபதி ஹோமம் செய்தார். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. நாத்தனார் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலை 9 மணிக்கு இட்லி, பொங்கல், வடை, கேசரியோடு எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று விழாவிலும் அமைதியாக நடந்தது அதுதான். பால் பொங்கும்போது அடுப்பைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

விருந்து ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதற்குள் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது என்பதெல்லாம் தெரிந்து சரிசெய்துவிட்டார்கள். திரைச்சீலை மாட்டியிருந்தது, சோபா வந்திருந்தது. வந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஹோமம் நடந்த நாள் இல்லை என்பதால் மட்டன் பிரியாணியும் போட முடிந்தது. எங்கள் வீடுகளில் அது சின்ன விஷயம் இல்லை. புகுவிழாச் சாப்பாடு என்றால் சைவம்தான், கறி விருந்து எப்போது என்று அன்றைக்கே கேட்கிறவர்கள் நிறைய.

மனக்கசப்பும் வந்தது. சித்தப்பா ஒருவர், "பால் காய்ச்சுறதுக்கு நாங்க வேணாம், பிரியாணிக்கு மட்டும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு விருந்துக்கு வரவில்லை. பால் காய்ச்சும் நேரத்தில் நிற்பதை எங்கள் மக்கள் உரிமையாக நினைக்கிறார்கள். பிறந்த வீட்டுச் சீர், தாய்மாமன் சீர் எல்லாம் தாம்பாளத்தில் வந்து இறங்குவதும் அந்தக் காலை நேரத்தில்தான். சீர் கொண்டுவர வேண்டியவர்கள் ஒருவரையும் விடாமல் காலைக்கே கூப்பிட்டுவிட வேண்டும். விடுபட்டவர்களுக்கு முன்கூட்டியே நேரில் போய், காசு நெருக்கடியென்றால் காசு நெருக்கடி என்று சொல்லிவிடுவது நல்லது. நாத்தனார் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அவரே ஒரு மூட்டை அரிசியோடு வந்திருப்பார். வெளியூர்க்காரர்கள் இரண்டு தடவை வரமாட்டார்கள் என்பதும் உண்மை. இன்னொரு ஆபத்து, தள்ளிப்போட்ட விருந்து தள்ளிக்கொண்டே போவது. பாலைக் காய்ச்சும் அன்றே விருந்து தேதியையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் போன வருடம் வீடு கட்டிக் குடிவந்தது. சாமியார் வந்து வீட்டை மந்திரித்து, ஜெபம் முடிந்து, சாயங்காலமே விருந்தும் முடிந்தது. விடியற்காலை முகூர்த்தம் இல்லாதபோது இரண்டு கூட்டம் என்ற பிரச்சினையே எழவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. சாயங்காலம், வீட்டு வாசலில் பந்தல், அவ்வளவுதான்.

இலைக் கணக்கா, கூலிச் சமையலா

எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வி பின்னாலேயே வரும். இலைக் கணக்கு என்றால் ஒரு இலைக்கு இவ்வளவு என்று பேசி, சாமான், ஆள், பரிமாறுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலிச் சமையல் என்றால் சமையல்காரர் பட்டியல் கொடுப்பார். சாமான் நாம் வாங்க வேண்டும். கூலி, பாத்திர வாடகை, பரிமாறும் ஆள் எல்லாம் தனித்தனி.

நான் 100 பேர் வரை கூலிச் சமையல்தான் சொல்வேன். நம் கையால் பார்த்து வாங்கிய பருப்பு, நல்ல எண்ணெய், மிச்சமானால் நமக்கே. பட்டியலில் எல்லாமே கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். 100 பேருக்குச் சாப்பாட்டு அரிசி 10 முதல் 12 கிலோ போதும். அதற்கு மேல் எழுதியிருந்தால் காரணம் கேட்கலாம். வாடகைப் பாத்திரத்தை இறக்கும்போதே கரண்டி, வாளி, அன்னவெட்டி எல்லாவற்றையும் எண்ணி எழுதிவிடுங்கள். குறைந்தால் காசு நம் தலையில்தான். நூறைத் தாண்டினால் சாமான் வாங்கவே இரண்டு ஆள் வேண்டும். அப்போது இலைக் கணக்கு நிம்மதி.

இலைக் கணக்கில் எண்ணுவது எப்படி என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். தம்பி வீட்டு விழாவில் ஒப்பந்தம் எடுத்தவர் 200 இலை கொண்டுவந்தார். கடைசியில் மிச்சம் இருந்த இலைகளை எண்ணி, 182 பேர் சாப்பிட்டதாகக் கணக்குச் சொன்னார். கிழிந்த இலை, நைவேத்தியத்துக்கு எடுத்த இலை, அவர் ஆட்கள் சாப்பிட்ட இலை எல்லாம் அதில் சேர்ந்திருந்தது. எங்கள் கணக்குப்படி சாப்பிட்டவர்கள் 160-க்குள். நல்ல நாளில் வாக்குவாதம் வேண்டாம் என்று அவர் கேட்ட பணத்தை அப்பா கொடுத்துவிட்டார். பந்திக்கு எத்தனை பேர் என்று நம் வீட்டுப் பையன் ஒருவன் ஒவ்வொரு பந்திக்கும் எழுதி, அப்போதைக்கப்போது அவர்களிடமும் கையெழுத்து வாங்கினால் இது வராது. குறைந்தபட்சம் இத்தனை இலைக்குப் பணம் என்று ஒரு எண் சொல்வார்கள்; அதை வரப்போகிற எண்ணிக்கையைவிட 20 குறைத்தே பேசுங்கள். உணவு போதாமல் போகாது. சொன்ன எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் சமைப்பார்கள்.

காபியை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். சமையல்காரர்கள் வந்து அடுப்பு மூட்டவே 5 மணி ஆகிவிடும். நாலரை மணிக்கு வந்து நிற்கும் 35 பேரில் பெரியவர்கள் சிலர் சர்க்கரை நோய்க்காரர்கள், ஹோமம் முடிய 8 மணி. பழைய வீட்டிலேயே முதல் நாள் இரவு டிகாக்‌ஷன் இறக்கி, ஆறு லிட்டர் பாலோடு பிளாஸ்க்கில் கொண்டுபோய்விட வேண்டும். எவர்சில்வர் டம்ளர்களையும் எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. பந்தல் கடையில் இன்னும் தருவார்கள், வேண்டாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை துணியிலேயே கிடைக்கிறது.

கொழுந்தனார் வீட்டுக்கு

நோட்டில் கடைசியாக எழுதியது இது. தனி வீடு, தை மாதம், பக்கத்தில் காலி மனை. அதனால் மண்டபத்தை அடித்துவிட்டோம். பூஜையும் பந்தியும் வீட்டில்தான். ஆனால் 150-ஐ உடைத்துவிட்டோம். அன்றைக்குச் சொந்தபந்தமும் கட்டிய ஆட்களும் சேர்த்து 95 பேர். அவர் அலுவலக நண்பர்களும் என் ஓரகத்தியின் பள்ளித் தோழிகளும் 55 பேர், இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரியாணிக்கு. அந்தத் தேதியையும் இப்போதே சொல்லியாயிற்று. கூலிச் சமையல், அடுப்பு காலி மனையில். முதல் பந்தி கொத்தனார் குடும்பத்துக்கு. என் ஓரகத்தி பால் காய்ச்சி முடித்ததிலிருந்து சாப்பிட்டு எழும் வரை அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. அதற்கு நானும் நாத்தனாரும் பொறுப்பு. இதை நோட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டேன்.

பந்தி மாடியிலா, காலி மனையிலா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மாடிப்படிக்குக் கம்பி பொருத்த வெல்டர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து முடித்துவிட்டால் மாடி. வராவிட்டால் பந்தல்காரரிடம் கீழே 40 பேர் உட்காரும் அளவுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.